பாட்டுக்கு ஒதுக்கிய வெள்ளி எங்கே போனது?

என் தந்தையின் அலமாரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் உள்ளன. எல்லாம் சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கியவை. என் கைப்பேசியில் கேட்கும் பாடல்கள் அதைவிடப் பன்மடங்கு. ஆனால், நான் ஓர் இசைத்தட்டுகூட வாங்கியதில்லை.

“ஏன் வாங்குவதை நிறுத்தினீர்கள்?” என்று தந்தையிடம் கேட்டேன். “பாட்டின்மேல் ஆசை குறையவில்லை. கேபிள், கைப்பேசி, இணையம் என்று மாதக் கட்டணங்கள் ஏறிக்கொண்டே போயின. குறைக்க முடிந்தது இதை மட்டும்தான்,” என்றார்.

இசை விற்பனைச் சரிவுக்குப் பலரும் சொல்லும் காரணம் இணையத் திருட்டு. 1999ல் தொடங்கிய ‘நாப்ஸ்டர்’ பாடல்களை இலவசமாகப் பகிர வழிவகுத்தது உண்மைதான். அவ்வாண்டு 22 பில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்த உலக இசைப்பதிவு வருவாய், 2014ல் 15 பில்லியனுக்கும் கீழே இறங்கியது. ஆனால், என் தந்தை சொன்ன காரணத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

ஒரு குடும்பம் வீட்டுப் பொழுதுபோக்குக்கு மாதம் 100 வெள்ளி ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். 1996ல் ஜப்பானில் டிவிடி அறிமுகமானது. 2000ல் ‘பிளேஸ்டேஷன் 2’ வந்தது. 2016ல் ‘நெட்ஃபிளிக்ஸ்’ சிங்கப்பூருக்கு வந்தது. எல்லாமே அந்த 100 வெள்ளியில்தான் பங்கு கேட்டன. ஒன்றுக்குச் செலவிட்டால் மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பொருளியலில் இதை ‘வாய்ப்புச் செலவு’ என்பர்.

பாடல் விற்கப்படும் முறையும் மாறியது. 2003ல் ‘ஐடியூன்ஸ்’ ஒரு பாடலை 99 அமெரிக்கக் காசுக்கு விற்றது. பிடித்த ஒரு பாடலுக்காக முழு இசைத்தட்டையும் வாங்கும் கட்டாயம் நீங்கியது. சிங்கப்பூரில் ‘எச்எம்வி’ 2015ல் தன் கடைசிக் கடையையும் மூடியது.

இன்று வருவாய் மீண்டுள்ளது. 2023ல் 28.6 பில்லியன் டாலர். அதில் மூன்றில் இரு பங்கு இணைய ஒலிபரப்புச் சேவைகளிலிருந்து வந்தது. எனினும், விலைவாசி உயர்வைக் கணக்கில் கொண்டால் 1999ஆம் ஆண்டின் நிலையை அது எட்டவில்லை.

அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதே நம் கலைஞர்களின் கவலை. 2024 முதல், ஓராண்டில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு ‘ஸ்பாட்டிஃபை’ பதிவு உரிமைத்தொகை தருவதில்லை. உள்ளூர்த் தமிழ்ப் பாடகர் ஒருவரின் இசைத்தட்டை 100 பேர் 10 வெள்ளிக்கு வாங்கினால், 1,000 வெள்ளிக்கு விற்பனை ஆகும். அதே 100 பேர் அவருடைய ஒரு பாடலை ஆளுக்கு ஒன்பது முறை அச்சேவையில் கேட்டால் 900தான். அவருக்கு ஒரு காசும் கிடைக்காது.

மீண்டும் இசைத்தட்டு வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை இயக்கும் கருவிகூட இன்று பல வீடுகளில் இல்லை. ஆனால், மாதச் சந்தா கட்டிவிட்டதால் எல்லாக் கலைஞருக்கும் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அடுத்த முறை நம்மூர்ப் பாடகர் மேடையேறும்போது, இலவச அழைப்புக்குக் காத்திராமல் ஒரு நுழைவுச்சீட்டு வாங்குவோமே!