கண்ணாடித் தொட்டியில் கடற்சாமந்தி

பார்வைக்குப் பூ, ஆனால் பூ அல்ல. பாறையில் வேர் ஊன்றினாற்போல் நின்ற இடத்திலேயே நிற்கும்; ஆனால் செடியும் அல்ல. தப்பித் தவறி அருகே வந்துவிட்ட சிறு இறாலைத் தன் இதழ்களாலேயே பற்றி, நடுவேயுள்ள வாய்க்குள் தள்ளி விழுங்கிவிடும்! மாமிசம் புசிக்கும் இந்த விசித்திரப் பூவுக்குத்தான் கடற்சாமந்தி என்று பெயர். பவளத்தை உண்டாக்கும் சிறு பிராணிக்கும், கரையில் ஒதுங்கும் சொறி மீனுக்கும் இது நெருங்கிய உறவு. இதழ் என்று நாம் காண்பவை உண்மையில் கைகள். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத விஷ ஊசிகள் ஆயிரக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. இரை பட்டதும் அவை சீறிப் பாய்கின்றன.

கொளத்தூரில் தங்கமீன் வாங்கி வளர்த்துப் பழகிய சென்னைக் குடும்பங்களில் சில, இப்போது கடல் ஜலத் தொட்டியின் மீதும் ஆசை வைத்திருக்கின்றன. நங்கநல்லூரில் ஒரு மாடி வீட்டின் கூடத்தில், மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியில், ஸமுத்திர ஜீவன் ஒன்றை வருஷக் கணக்கில் வாழவைக்க முடியுமா? முடியும். ஆனால் எதை வளர்ப்பது, எத்தனை காலத்துக்கு வளர்ப்பது, எங்கிருந்து கொண்டுவருவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே அதில் இறங்க வேண்டும்.

எதை வளர்ப்பது?

கடற்சாமந்திகளில் பல இனங்கள் உண்டு. வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது என்று அனுபவசாலிகள் சொல்வது 'பாறைப்பூ' என்னும் இனத்தை. ப்ளோரிடா, பஹாமாத் தீவுகள் முதலிய கரீபியக் கடற்பகுதிகளே அதன் தாயகம். 1817-ம் ஆண்டில் லெசுயூர் என்ற பிரெஞ்சு இயற்கை நூல் அறிஞர் அதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். விரிந்தால் நாலைந்து அங்குல அகலம் இருக்கும். பச்சை, ஊதா, ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளை என்று அதில் இல்லாத வர்ணம் இல்லை. ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதும் இல்லை.

பெரிய கடற்சாமந்திகள் சில, தொட்டி முழுவதும் ஊர்ந்து திரிந்து, பட்ட ஜீவன்களையெல்லாம் கொட்டிப் புண்ணாக்கும். பாறைப்பூ அப்படியன்று. மணலுக்கடியில் ஒரு கல்லைப் பற்றிக்கொண்டு, மணல் மட்டத்தில் முகத்தை மட்டும் விரித்து அமர்ந்துவிடும். அதன் கொட்டும் சக்தியும் சாதுவானதே. ஒரு விஷயம் மட்டும் குழந்தைகளுக்கு ஏமாற்றம் தரும். 2003-ல் வந்த 'நீமோ' படத்தைப் பார்த்த பிள்ளைகள், கடற்சாமந்தி இருந்தால் கோமாளி மீன் அதில் குடியேறும் என்று எண்ணுகிறார்கள். கடலில் அம்மீன்களுக்கு வீடு கொடுக்கும் கடற்சாமந்தி இனங்கள் சுமார் பத்துதான். பாறைப்பூ அவற்றில் சேர்ந்ததன்று.

எத்தனை காலத்துக்கு?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஸ்காட்லாந்து வரையில் போய்வர வேண்டும். 1828-ம் ஆண்டில் ஸர் ஜான் டால்யல் என்பவர் நார்த் பெரிக் கடற்கரையில் ஒரு சிவப்புக் கடற்சாமந்தியை எடுத்துவந்து, எடின்பரோவில் ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்தார். மின்சாரமும் பம்பும் இல்லாத காலம். கடலிலிருந்து ஆள் வைத்துப் புது ஜலம் சுமந்துவரச் செய்தார். அவ்வப்போது சிப்பிச் சதையில் ஒரு துண்டு கொடுத்தார். அவ்வளவுதான் ஸம்ரக்ஷணை.

1851-ல் டால்யல் காலமானார், கடற்சாமந்தி காலமாகவில்லை! ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு அது பிதிரார்ஜிதம்போல் மாறிக்கொண்டே வந்தது. 'பாட்டி' என்று அதற்குச் செல்லப் பெயரும் ஏற்பட்டது. 1857-ல் ஒரே இரவில் இருநூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுகளை வாய் வழியே ஈன்றது. கடைசியில் 1887-ல்தான் அது மாண்டது. அதாவது, ஜாடிக்குள்ளேயே 59 வருஷம்!

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? பாட்டியைக் காப்பாற்றியது விலையுயர்ந்த சாமான்கள் அல்ல. சுத்தமான ஜலமும், ஒருநாள்போல் தவறாத கவனமுமே. பாறைப்பூ பாட்டியின் இனம் அன்று. எனினும் கடற்சாமந்தி வளர்ப்பு ஒரு கோடை விடுமுறை விளையாட்டல்ல என்பதற்கு இந்தச் சரித்திரமே போதும்.

நங்கநல்லூருக்குள் ஒரு கடல்

சென்னைக்கும் இவ்விஷயம் புதிதன்று. சென்னை மியூஸியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவரின் முயற்சியால், மெரீனாவில் கடற்பிராணிக் காட்சிசாலை ஒன்று எழுந்து, 1909-ம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. ஜனங்கள் திரள் திரளாக வந்து பார்த்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, ஜப்பானியக் குண்டுக்கு அஞ்சி அதை மூடினார்கள். பிறகு அது திறக்கவே இல்லை.

அக்காட்சிசாலைக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. நங்கநல்லூரிலோ கடலை வீட்டுக்குள்ளேயே சிருஷ்டித்துக்கொள்ள வேண்டும். பெஸண்ட் நகர்க் கரையிலிருந்து குடத்தில் கொண்டுவரலாமே என்றால், அடையாறு முகத்துவாரத்தின் அழுக்கும் கூடவே வந்துவிடும். ஆகவே, உப்பும் குளோரினும் நீக்கிய ஆர்.ஓ. ஜலத்தில், இதற்கென்றே விற்கும் கடலுப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைப்பதே உத்தமம். சமையல் உப்பு உதவாது. கால்ஸியம், மக்னீஸியம் முதலியவை அதில் போதிய அளவு இல்லை.

ஜலம் கரைத்தவுடன் பிராணியை விட்டுவிடலாகாது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கொடிய விஷம். அதைத் தின்று வேறு பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேற ஒன்றரை மாதமாவது ஆகும். கடற்சாமந்திக்கோ அதுவும் போதாது. தொட்டி சில மாதங்கள் பழகித் தேறிய பிறகே அதை அழைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி நம் ஊர் வெயில். பாறைப்பூவுக்கு ஏற்ற உஷ்ணம் 24 முதல் 27 டிகிரி வரை. அக்கினி நக்ஷத்திரத்தில் மாடி வீட்டுத் தொட்டி 32 டிகிரியைச் சுலபமாக எட்டிவிடும். ஜலத்தின் மீது விசிறிக் காற்றுப் பட்டால் இரண்டு மூன்று டிகிரி தணியும். சித்திரை வைகாசிக்கு அது போதாது, குளிர்விக்கும் இயந்திரமே வேண்டும். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காற்றில் ஆவியாவது ஜலம் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. எனவே குறைந்ததை நிரப்ப நல்ல ஜலமே ஊற்ற வேண்டும். உப்பு ஜலத்தை ஊற்றிக்கொண்டே போனால் தொட்டி உப்பளமாகிவிடும்!

மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும். ஜலத்தில் பிராணவாயு குறையும். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு சென்னையில் பல பேட்டைகள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. பாட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். பம்பின் உறிஞ்சு வாய்க்கு வலை மூடியும் போட வேண்டும். இல்லாவிடில் நகரும் கடற்சாமந்தி அதில் சிக்கிச் சிதைந்துபோகும். தாமிரம் கலந்த மீன் மருந்துகள் இதற்கு யமன்.

ஆகாரம் சொற்பம். பட்டாணி அளவு இறால் துண்டு வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். மிச்ச உணவை வெளிச்சமே கொடுத்துவிடுகிறது. கடற்சாமந்தியின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது; அது ஒளியைக் கொண்டு மாவுப்பொருளும் சர்க்கரையும் சமைத்து, வீட்டுக்காரருக்கு வாடகையாகச் செலுத்துகிறது. உஷ்ணம் மீறினால் பாசி வெளியேறிவிடும். பிராணி வெளுத்து, பட்டினியால் நலியும்.

எங்கிருந்து?

இந்த வெளுப்பு தொட்டிக்கு மட்டும் உரிய நோயன்று. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் நம் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் கடல் உஷ்ணத்தால் இப்படித்தான் வெளுத்தன. தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த அச்செல்வத்தை, ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி வண்டி வண்டியாக ஏற்றினார்கள். 1986-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. 2001 முதல் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, கடலட்டை ஆகியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். எனவே 'உயிருள்ள பாறை' என்று யாராவது ரகசியமாகப் பவளக் கல்லை நீட்டினால், வாங்காமல் திரும்புவதே யோக்கியம். செயற்கைக் கல்லிலும் நுண்ணுயிர் நன்றாகவே வளரும்.

பாறைப்பூவைச் சிபாரிசு செய்வதற்கு முக்கியமான காரணமும் இதுவே. அதில் ஆண் பெண் பேதம் உண்டு. இரண்டும் சுகமாக இருந்தால், பெண் தன் வயிற்றிலேயே குஞ்சுகளைப் பொரித்து, பொத்தான் அளவுச் சிறு பூக்களாக வாய் வழியே வெளிவிடும். தொட்டியில் பிறந்த குஞ்சு, தொட்டி வாழ்வுக்குப் பழகியது; அதற்காகக் கடலில் ஒரு பாறையையும் பெயர்க்க வேண்டியதில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனவிருத்தி செய்து காட்டியிருக்கிறார்கள். 'இது கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா?' என்று வியாபாரியைக் கேட்கும் வழக்கம் நம்மிடையே பரவ வேண்டும். வாங்குகிறவன் கேட்டால்தான் விற்கிறவன் தேடுவான்.

அலுத்துப்போனவர்கள் தயவுசெய்து அதைக் கொண்டுபோய் மெரீனாவில் விட்டுவிட வேண்டாம். புண்ணியம் என்று எண்ணிச் செய்வது பாவமாக முடியும். நம் பக்கத்துச் சிங்கமீன் இப்படி அயல் கடலான கரீபியத்தில் புகுந்து, அங்குள்ள சிறு மீன்களைச் சூறையாடி வருகிறது. மண்டபத்தருகே பயிரிட்ட அயல் நாட்டுப் பாசி ஒன்று குருசடைத் தீவின் பவளங்களைப் போர்த்தி மூடிய கதையும் நமக்குத் தெரியும். வளர்க்க முடியாதவர், வளர்க்கத் தெரிந்த மற்றொருவரிடம் ஒப்படைக்கலாம். பாட்டி கைமாறியதும் அப்படித்தானே!

நாய் குரைத்துப் பசியைச் சொல்லும், பசு கத்தும், துளசி வாடித் தலை சாய்க்கும். கடற்சாமந்தி சுருங்கி மணலுக்குள் போய்விடும். அவ்வளவே அதன் பாஷை. தினமும் காலையில் உஷ்ணமானியைப் பார்ப்பவர் வீட்டில்தான் அந்தப் பாஷை புரியும். பிள்ளைகள் உள்ள வீடாயின், உஷ்ணமும் உப்பும் குறிக்கும் நோட்டுப் புத்தகத்தை அவர்களிடமே கொடுத்துவிடலாம். சாஸ்திரத்தையும் பொறுமையையும் ஒருங்கே கற்பிக்க அதைவிடச் சிறந்த பாடப் புத்தகம் கிடைப்பது அரிது.