கடலின் கண்கள் – 9: திரையில் சில புள்ளிகள் இருக்கட்டும்

ரேடார் அனுப்பும் அலை எதிலாவது பட்டுத் திரும்பி வருவதைச் சென்ற வாரம் பார்த்தோம். திரும்பி வந்ததைத் திரையில் தெளிவாகக் கொண்டுவருவது எப்படி என்பது இந்த வாரத்துப் பாடம்.

புதிதாக ரேடார் வைத்த படகுக்காரர்களுக்குத் திரையில் பொரிப்பொரியாகப் புள்ளிகள் தெரிந்தாலே கண் உறுத்தும். கறுப்புத் திரை துடைத்துவிட்டது போல ஆகும்வரை குமிழைக் குறைத்துக்கொண்டே போவார்கள். அந்தச் சுத்தம் ஆபத்தானது. வேண்டாத புள்ளிகளோடு வேண்டிய புள்ளியும் போய்விடும். அந்தப் புள்ளி ஒரு படகாக இருக்கலாம். அதில் ஆட்கள் இருப்பார்கள்.

2006 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவுக்குத் தெற்கே, இரவு நேரத்தில், ‘ஊசோ’ என்ற சிறு பாய்மரப் படகு மூழ்கியது. அதிலிருந்த மூவரும் இறந்தார்கள். ‘பிரைடு ஆஃப் பில்பாவோ’ என்ற பெரிய பயணிகள் கப்பல் அதன் மேல் மோதியிருக்க வேண்டும், அல்லது மிக நெருங்கிக் கடந்தபோது எழுந்த அலையில் படகு கவிழ்ந்திருக்க வேண்டும் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை முடிவு செய்தது. கப்பலின் ரேடார் அந்தப் படகைக் காட்டிக் கொடுக்கவில்லை. சிறிய படகின் எதிரொலி அவ்வளவு மெலிந்தது. அதைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் குமிழ்களைப் பழக வேண்டும்.

திருப்புவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் திரையின் வெளிச்சத்தைக் கண்ணுக்கு இதமாக வைத்துக்கொள்ளுங்கள். திரை காட்டும் தூரமான ரேஞ்சை 6 கடல் மைலுக்கு வையுங்கள். அலை, மழை எதிரொலிகளை அடக்கும் சீ கிளட்டர், ரெயின் கிளட்டர் குமிழ்கள் இரண்டையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எதிரொலியைப் பெருக்கும் கெயினை மெல்ல ஏற்றுங்கள். திரை முழுவதும் மங்கலாகப் புள்ளிகள் தூவத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கருவி தன் முழுத் திறனோடு கேட்கிறது என்பதற்கு அந்தத் தூவல்தான் சாட்சி. தூவலே இல்லையென்றால் மெல்லிய எதிரொலிகளை ஏற்கெனவே இழந்துவிட்டோம் என்று பொருள்.

அடுத்தது ட்யூனிங், அதாவது அனுப்பிய அலைவரிசைக்கே கருவியின் காதைப் பொருத்துவது. அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாய் உள்ள ரேடாரில் அது சூடாகச் சூடாக அலைவரிசை சற்று நகரும். அதனால் போட்ட உடனே ட்யூன் செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. கொஞ்ச நேரம் ஓடிய பிறகு, தொலைவில் உள்ள மங்கலான ஒரு எதிரொலியைப் பார்த்தபடி, அது மிகப் பளிச்சென்று தெரியும் இடத்துக்கு மறுபடி திருப்ப வேண்டும்.

பலரும் தவறுவது சீ கிளட்டரில்தான். அலைகளும் எதிரொலி தரும். படகைச் சுற்றி வெள்ளையாக ஒரு பரப்பு திரளும். காற்று வரும் பக்கத்தில் அலையின் செங்குத்தான முகம் நம்மைப் பார்த்து இருப்பதால் அங்கே வெள்ளை அதிகம். சீ கிளட்டர் குமிழ் அருகில் இருந்து வரும் எதிரொலிகளின் வலுவை மட்டும் குறைக்கிறது. தூரம் கூடக்கூட அதன் பிடி தளர்கிறது. முறத்தை வேகமாக வீசிப் புடைத்தால் உமியோடு குருணையும் பறந்துவிடும். அதனால் காற்று போகும் பக்கத்தில் புள்ளிகள் மறைந்து, காற்று வரும் பக்கத்தில் சில மிஞ்சி நிற்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும்.

மிஞ்சிய புள்ளிகளில் படகு எது, அலை எது? சில சுற்றுகள் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆன்டெனா நிமிடத்துக்கு 24 முறை சுற்றினால் இரண்டரை வினாடிக்கு ஒரு படம். அலையின் புள்ளி ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி மாறித் தோன்றும். படகின் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது ஒரே சீராக நகரும்.

மழைக்கு ரெயின் கிளட்டர். பஞ்சுப் பொதி போல விரியும் மழை எதிரொலியில் முன் விளிம்பை மட்டும் விட்டுவிட்டு மீதியை அது குறைக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் படகு வெளியே வரும். மழை நின்றதும் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்தால் மெல்லிய எதிரொலிகளையும் அது தின்றுகொண்டிருக்கும். குமிழ்களைக் கருவியே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ வசதி திறந்த கடலில் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் அவ்வப்போது கையால் திருப்பி, ஆட்டோ எதையாவது மறைத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்ல மாலுமியின் வழக்கம்.

எந்தக் குமிழாலும் மாற்ற முடியாத எல்லைகளும் உண்டு. சிறு படகில் பொருத்தும் 18 அங்குல டோம் ரேடாரின் கதிர் சுமார் 5 டிகிரி அகலம். 2 கடல் மைல் தொலைவில் அது 300 மீட்டருக்கு மேல் விரிந்துவிடும். அந்த இடைவெளிக்குள் பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு படகுகள் திரையில் ஒன்றாகவே தெரியும். 4 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனா, நீருக்கு மேல் 1 மீட்டரே நிற்கும் படகைச் சுமார் ஆறரை கடல் மைலுக்கு அப்பால் பார்க்க வழியில்லை. பூமியின் வளைவு மறைத்துவிடும். சிறு படகுகளைத் தேடுகிறவருக்கு 24 மைல் ரேஞ்சால் பயனில்லை.

1972-இல் உருவான சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் இதை அறிந்தே எழுதப்பட்டவை. சிறு கலங்கள் போதிய தொலைவில் ரேடாரில் தெரியாமல் போகலாம் என்பதைக் கணக்கில் வைத்து வேகத்தைத் தீர்மானிக்கச் சொல்கிறது 6-ஆம் விதி. அரைகுறையான ரேடார் தகவலை நம்பி முடிவெடுக்காதே என்கிறது 7-ஆம் விதி.

குமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் மீனவர்கள் பெருங்கப்பல்கள் ஓடும் பாதைகளைக் கடந்துதான் தொழில் செய்கிறார்கள். மரமும் ஃபைபரும் ரேடார் அலையை எஃகு போலத் திருப்பி அனுப்புவதில்லை. எனவே படகுக்காரர்கள் நல்ல ரேடார் பிரதிபலிப்பானை எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் காவல் நிற்பவர்கள் திரையில் அந்தச் சில புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கண் உறுத்துகிறதே என்று ஒரு குமிழைக் கூடுதலாகத் திருப்பும் உரிமை அவர்களுக்கு இல்லை.

திரையில் தெரிந்தால் மட்டும் போதுமா? 1956 ஜூலையில் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் ‘ஆண்ட்ரியா டோரியா’வும் ‘ஸ்டாக்ஹோம்’ கப்பலும் ஒன்றையொன்று ரேடாரில் பார்த்த பிறகும் மோதிக்கொண்டன. பார்த்த புள்ளியைச் சரியாகப் படிப்பது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)