படகுக்கு வழிவிடும் ரயில் பாலம்

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் நகரை ஒட்டிய பனவியில், மீன்பிடிப் படகு வந்தால் ரயில் பாதையே கரைப் பக்கம் ஒதுங்கிக்கொள்கிறது. கலிடோனியன் கால்வாயின் குறுக்கே உள்ள ரயில் சுழல் பாலம் 1901 முதல் இப்படித்தான் இயங்குகிறது.

கால்வாய் எதற்கு?

வட கடலிலிருந்து அட்லான்டிக் பக்கம் போன கப்பல்கள் பலவும் ஸ்காட்லாந்தின் வடமுனையைச் சுற்றின. அங்குள்ள பென்ட்லன்ட் நீரிணையின் நீரோட்டம் கப்பல்களைக் காவு வாங்கியது. நெப்போலியன் போர்க்காலத்தில் எதிரிக் கப்பல்களின் பயம் வேறு. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் பொறுப்பில் 1803இல் தொடங்கிய வேலை முடிந்து, 1822இல் கால்வாய் திறக்கப்பட்டது. சுமார் 97 கி.மீ. நீளத்தில் வெட்டியது 35 கி.மீ.தான், மீதி நெஸ் உள்ளிட்ட இயற்கை ஏரிகள்.

அதற்குள் போர் ஓய்ந்திருந்தது. பின்னர் வந்த பெரிய நீராவிக் கப்பல்களுக்கும் கால்வாய் போதவில்லை. மீன்பிடிப் படகுகளுக்கோ அது தாராளம். கிழக்குக் கரை மீனவர்கள், மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீனைத் தேடி மேற்குக் கரைக்குப் போக, கொந்தளிப்பில்லாத உள்வழி கிடைத்தது.

பாலம் ஏன் சுழல்கிறது?

மேற்குக் கரையில் பிடித்த மீன் கெடுவதற்குள் சந்தைக்குப் போக வேண்டும் என்பதற்காகவும் மாலெய்க் துறைமுகம் வரை ரயில் பாதை நீட்டப்பட்டது. பாதை பனவியில் கால்வாயைக் கடந்தாக வேண்டும். தாழ்வான அந்த இடத்தில் நிலையான பாலம் கட்டினால் பாய்மரம் இடிக்கும்.

எனவே ஒரு கரையில் அச்சு நட்டு, பாலத்தையே கதவு போலத் திரும்பவிட்டார்கள். ரயில் வரும் நேரமென்றால் படகு காத்திருக்கும். பாதை காலியானதும் ரயில்கள் நிறுத்திவைக்கப்படும். தண்டவாள முனைகளின் பிடி விலகும். பாலம் மெல்லத் திரும்பும். அது பழைய இடத்துக்கு வந்து பூட்டிக்கொள்ளும்வரை ரயிலுக்கு அனுமதி கிடைக்காது. மேற்குக் கடலிலிருந்து வந்து பாலத்தைத் தாண்டிய படகை, அடுத்தடுத்த 8 நீர்ப்பூட்டுகள் சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகின்றன.

மீனுக்காக வந்த ரயில் மீனவரின் வழியை அடைக்கவில்லை. கடலோரத்தில் பாலமோ பாதையோ திட்டமிடுகிறவர்கள், வரைபடத்தில் கோடு போடும் முன்பே படகு போகும் வழியைக் கேட்டறிய வேண்டும்.