இன்ஜினுக்குள் ஒடிந்த டேப்

அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் 8 மில்லிமீட்டர் துளை. பழைய மரை தேய்ந்துவிட்டதால் மெக்கானிக், மரை வெட்டும் கருவியான டேப்பை இறக்கிப் புது மரை போட்டுக்கொண்டிருக்கிறார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று நிதானமாகத்தான் போகிறது. கை ஒரு நொடி சாய்கிறது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். மேல்பாதி கைப்பிடியோடு வந்துவிடுகிறது. கீழ்ப்பாதி துளைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஒடிந்த டேப்பின் விலையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அது மாட்டிக்கொண்டிருக்கும் ஹெட்டின் விலைதான் வயிற்றைக் கலக்கும்.

உடைந்த போல்ட்டை எடுப்பது வேறு, உடைந்த டேப்பை எடுப்பது வேறு. போல்ட் ஓரளவு மிருதுவான எஃகு. நடுவில் பஞ்ச் அடித்து டிரில் போட்டால் இறங்கிவிடும். டேப் ஹைஸ்பீடு ஸ்டீல். ராக்வெல் சி அளவுகோலில் அதன் கடினம் 62 முதல் 65 வரை இருக்கும். துளை போடும் டிரில் பிட்டும் அதே எஃகுதான் என்பதால் ஒன்றை ஒன்று வெட்டாது. அழுத்திப் பிடித்தால் பிட் மழுங்கும், அல்லது பக்கவாட்டில் வழுக்கி, மெத்தென்ற அலுமினியத்தைக் குடைந்துகொண்டு போகும். ஹெட் பாழாவது பெரும்பாலும் டேப் ஒடிந்த நேரத்தில் அல்ல. அதற்கு அடுத்த பத்து நிமிடப் பதற்றத்தில்தான்.

போல்ட்டுக்கு வழிகள் உண்டு. இடப்பக்கம் சுழலும் டிரில் பிட் சில நேரம் துளை போடும்போதே போல்ட்டையும் சேர்த்துக் கழற்றிவிடும். இல்லையென்றால் இடமரை கொண்ட எக்ஸ்ட்ராக்டரைத் துளைக்குள் இறக்கித் திருக வேண்டும். ஆனால் அதுவும் கடினப்படுத்திய எஃகு. உள்ளே ஒடிந்தால் எளிய போல்ட் சிக்கல் டேப் சிக்கலாக மாறிவிடும். அதனால் அனுபவசாலிகள் பலர் அதைத் தொடவே மாட்டார்கள். ஒடிந்த போல்ட்டின் மேல்முனையில் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக வெல்டிங் அடித்து, சூடு ஆறும்போது ஸ்பேனர் போட்டுத் திருகுவார்கள். சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்குவதால் துருப்பிடிப்பு விட்டுக்கொடுக்கும். எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பது கூடுதல் வசதி.

ஃபோர்டு நிறுவனத்தின் 5.4 லிட்டர், மூன்று வால்வு வி8 இன்ஜின் அமெரிக்க மெக்கானிக்குகளுக்கு இந்த விஷயத்தில் தனிப் பாடமே நடத்தியது. அதன் ஸ்பார்க் பிளக் இரண்டு துண்டாகச் செய்து இணைக்கப்பட்டது. நீண்ட கீழ்ப்பகுதியைச் சுற்றிக் கரி இறுகிவிடும். கழற்றப் போனால் மேல்பாதி மட்டும் வரும், உலோக உறை ஹெட்டிலேயே தங்கிவிடும். இதற்கென்றே தனிக் கருவிகள் சந்தைக்கு வந்தன. உள்ளே நிற்கும் பீங்கானைக் கொஞ்சம் கீழே தள்ளி, உறையைப் பிடித்து மேலே இழுப்பதுதான் அவற்றின் வேலை.

டேப்புக்கு வருவோம். கடினமான ஒன்றை அதைவிடக் கடினமான ஒன்றால் வெட்டலாம் என்பது ஒரு வழி. கார்பைடு கட்டர்கள் அதைச் செய்யும், அவையும் லேசில் ஒடியும். இன்னொரு வழி, கடினம் என்பதே கணக்கில் வராத ஒரு முறையைத் தேடுவது. அது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இரண்டு நாடுகளில் தனித்தனியாகக் கிடைத்தது. சோவியத் விஞ்ஞானிகளான போரிஸ் லசரென்கோ, நடாலியா லசரென்கோ தம்பதிக்குக் கொடுக்கப்பட்ட வேலை வேறு. இன்ஜினின் மின்தொடர்பு முனைகள் தீப்பொறியால் அரித்துப்போவதைத் தடுக்கச் சொல்லியிருந்தார்கள். அரிப்பை நிறுத்த முடியவில்லை. ஆனால் முனைகளை எண்ணெய்க்குள் வைத்தால் அரிப்பு ஒழுங்காக நடப்பதைக் கவனித்தார்கள். தடுக்க வேண்டிய அரிப்பையே வெட்டும் வேலைக்குத் திருப்பிவிட்டால் என்ன என்று யோசித்து, 1943-இல் பொறியால் உலோகம் அரிக்கும் முறையை உருவாக்கினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஹரால்ட் ஸ்டார்க், விக்டர் ஹார்டிங், ஜாக் பீவர் என்ற மூவர் இதே தத்துவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களைத் துரத்திய சிக்கல் நம்முடையதேதான்: அலுமினிய வார்ப்புகளுக்குள் ஒடிந்து நின்ற டேப்பும் டிரில்லும்.

கோவையிலும் அம்பத்தூரிலும் டை (அச்சு) செய்யும் பட்டறைகளில் ‘ஸ்பார்க் எரோஷன்’ என்று அழைக்கப்படும் மெஷின் இந்த முறையின் வாரிசுதான். டேப் எடுக்கும் சிறிய வகையில், குழல் போன்ற மின்முனை டேப்பின் நடுத்தண்டை நோக்கி இறங்கும். தொட்டும் தொடாமலும் அதிரும் ஒவ்வொரு முறையும் பொறி பறந்து எஃகில் ஒரு துளி உருகி உதிரும். குழல் வழியாகப் பாயும் திரவம் அந்தத் தூளை அடித்து வெளியே தள்ளும். நடுத்தண்டு போனதும், சுற்றியிருக்கும் பற்கள் ஆதரவற்றுத் தனித்தனித் துண்டாக நிற்கும். ஊசியால் நெம்பினால் வந்துவிடும். ஹெட்டின் மரையில் கீறல்கூட விழாது.

மெஷின் எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி மளிகைக் கடையில் கிடைக்கிறது. சவரக் கடையில் கன்னத்தில் தேய்க்கும் அதே படிகாரம். பித்தளைத் தகட்டில் ஒடிந்த எஃகுத் திருகை எடுக்கக் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் வித்தை இது. படிகாரத்தை வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, பாகத்தை அதில் மூழ்கவைத்து, சூடு தணியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரைசல் அமிலத்தன்மை கொண்டது. எஃகிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும், அது ஹைட்ரஜன். இரும்பு மெல்ல மெல்லக் கறுத்துக் கரையும். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே படிந்திருக்கும் ஆக்ஸைடு படலம் அதைக் காப்பாற்றிவிடும். பல மணி நேரம் ஆகும், பெரிய துண்டென்றால் நாள்கணக்கில்கூடப் போகும். வார்ப்பிரும்பு பிளாக்கில் இந்த வித்தை செல்லாது. டேப்போடு பிளாக்கும் சேர்ந்து அரிக்கும். ஹெட்டில் மாட்டியிருக்கும் எஃகு ஸ்டட்களை முன்பே கழற்றாவிட்டால் அவையும் காலி.

துண்டு வெளியே வந்ததும் பாதிப் பேர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உண்மையான ஆபத்து அதன் பிறகுதான் இருக்கிறது. உடைத்து எடுத்த டேப் முழுசாக வருவதில்லை, சில்லுசில்லாக உதிர்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குதான், ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. ஷாஃப்ட் அந்த இடுக்கில் எண்ணெயின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறுணை போதும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட மெக்கானிக்குகள் விரும்பும் உராய்வு வட்டுகளைப் பற்றி ஜெனரல் மோட்டார்ஸ் தன் பணிமனைகளுக்குத் தனியாகவே எச்சரிக்கை அனுப்பியது. வட்டிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்ஸைடு துகள்கள் எண்ணெயோடு கலந்து பேரிங்கைத் தின்றுவிடுகின்றன.

அதனால் தேர்ந்த கைகள் வேலையைத் தொடங்கும் முன்பே துளைக்குக் கீழே துணி அடைப்பார்கள். டேப்பின் வாய்க்கால்களில் கிரீஸைத் திணிப்பார்கள். உதிரும் தூள் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். காந்தம் எஃகைத்தான் இழுக்கும். அலுமினியச் சுருள் அதைச் சட்டை செய்யாது. அதற்கு மெல்லிய குழாய் கட்டிய வேக்குவம் வேண்டும். இப்போது செல்போனில் செருகும் கேமரா மலிவாகக் கிடைப்பதால் சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பது எளிதாகிவிட்டது. முன்பு டார்ச்சும் நம்பிக்கையும்தான்.

பட்டறைக்கு மட்டுமல்ல, தொழிற்சாலைக்கும் இந்தப் பாடம் விலை உயர்ந்தது. 2015-இல் ஹூண்டாய் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட்டைக் கடையும்போது எழுந்த உலோகத் தூள் எண்ணெய்ப் பாதையிலிருந்து முழுதாக நீக்கப்படவில்லை என்பது காரணம். 2024 மே மாதம் டொயோட்டாவின் முறை. டண்ட்ரா பிக்கப்பும் லெக்ஸஸ் எல்எக்ஸும் சேர்த்து அமெரிக்காவில் ஏறக்குறைய 1,02,000 வண்டிகள். இன்ஜினுக்குள் தங்கிப்போன கடைசல் தூள்தான் அங்கேயும் குற்றவாளி. தரத்துக்குப் பேர்போன நிறுவனம் தூளைத் துடைத்து ஒப்பேற்றப் பார்க்கவில்லை, இன்ஜினையே மாற்றிக் கொடுத்தது.

மறந்துபோன கருவி இன்னொரு வகைக் குப்பை. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலீஸில் ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் ஏ380 விமானம் ஒன்றின் இன்ஜினுக்குள் கேமரா விட்டுச் சோதித்தார்கள். கம்ப்ரஸரைக் கையால் சுழற்றப் பயன்படுத்திய 1.25 மீட்டர் நைலான் கருவி உள்ளேயே நின்றுவிட்டது. அதோடு விமானம் 34 முறை, கிட்டத்தட்ட 294 மணி நேரம் பறந்தது. 2024 ஜனவரி 1 அன்று அடுத்த பராமரிப்பின்போதுதான் கண்ணில் பட்டது, உருக்குலைந்த நிலையில். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்தபோது தெரியவந்தது இது: கருவி ஒன்று குறைகிறது என்று அறிந்த பிறகும், தொலைந்ததைத் தேடும் நடைமுறையைத் தொடங்காமலே விமானத்தைப் பறக்க விட்டிருந்தார்கள்.