வெயில் இலவசம்! நிலம்?

அந்தமானில் விளக்கு எரியப் பெரும்பாலும் டீசல் வேண்டும். டீசல் கப்பலில் வருகிறது. செலவு அதிகம். புகையும் அதிகம். வெயிலோ ரங்கத்தில் வாசலுக்கே வருகிறது. அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். அதற்கு ஏன் அனுமதி?

நிலம்தான் காரணம். 1 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். அந்தமான் நிகோபாரில் நூற்றுக்கு 80 பங்குக்கும் மேல் காடு. மீதி நிலத்தில்தான் வீடு, வயல், தோப்பு, சாலை எல்லாம்.

எந்த நிலத்துக்கு யார் அனுமதி?

காட்டு நிலம்: 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டை வேறு வேலைக்கு எடுக்க, மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். சூரிய ஒளி மின் நிலையத்துக்கும் இந்தச் சட்டம் உண்டு.

கடற்கரை: கடலோர நிலத்துக்கு 2019-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. ரங்கத் அருகே தானிநாலாவில் அலையாத்திக் காடு இருக்கிறது. ஆமைகள் முட்டையிடும் கரையும் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்குக் கட்டுப்பாடு கடுமை. அலையாத்திக் காடு அலையின் வேகத்தைக் குறைக்கும். 2004 சுனாமியைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆற்று நீரிலும் மின்சாரம் எடுக்கலாம். டிக்லிபூர் அருகே கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் இருக்கிறது. இது 2001-இல் இயங்கத் தொடங்கியது. அணை கட்டினால் நீர் தேங்கும். தேங்கும் இடத்தில் நிலம் மூழ்கும். ஆகவே இதற்கும் அனுமதி தேவை.

வீட்டுக் கூரைக்கு இவ்வளவு சிரமம் இல்லை. கூரையில் தகடு வைத்தால் ஒரு மரம்கூட விழாது. 10 கிலோவாட் வரை விண்ணப்பித்தால், தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஏற்க வேண்டும். 2024-இல் வந்த விதி இது. அதே ஆண்டில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியமும் உண்டு. விவரத்தை மின்துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

உங்கள் ஊருக்குப் பெரிய மின் நிலையம் வருகிறதா? கிராம சபையில் இவற்றைக் கேளுங்கள்:

1. எந்த நிலம்? சர்வே எண் என்ன? எத்தனை ஏக்கர்?
2. அது காடா, வருவாய் நிலமா?
3. எத்தனை மரம் விழும்? பதிலுக்கு எங்கே நடுவார்கள்?
4. ஓடை, நடைபாதை, மேய்ச்சல் இடம் அடைபடுமா?
5. மின்சாரம் நம் ஊருக்கும் வருமா?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களும் படியுங்கள். படித்துப் புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். புரியாத தாளில் கைநாட்டும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

மின்சாரம் வேண்டும். காடும் கரையும் வேண்டும். இரண்டையும் காக்கும் இடத்தைத் தேடத்தான் அனுமதி.