சுரங்கத்துக்குள் போகாமலே மீட்புப் பயிற்சி எப்படி?

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைக்காரர்களுக்குப் பாறை வெடிப்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் சுமை தாங்காமல் சுவர் திடீரென்று சிதறும். பெரிய வெடிப்பென்றால் மேலே வீட்டுத் தரையும் அதிரும்.

அப்போது மீட்புக் குழு எந்த வழியாகப் போவது? பழகிப் பார்ப்பதற்காக ஒரு விபத்தை உண்டாக்க முடியாது. அதனால்தான் கணினியில் ஒரு பொய்ச் சுரங்கம்.

அதில் படம் அழகாக இருப்பது பெரிய விஷயமில்லை. உள்ளே ஓடும் காற்றுக் கணக்குதான் உயிர். ஒவ்வொரு சுரங்கவழிக்கும் ஒரு தடை மதிப்பு உண்டு. ஒரே வழியில் இருமடங்கு காற்றை அனுப்ப நான்கு மடங்கு அழுத்தம் தேவை. ஒரு வழி பாறை விழுந்து அடைபட்டால், மற்ற எல்லா வழிகளின் காற்றோட்டத்தையும் மென்பொருள் மறுபடி கணக்கிடுகிறது. புகையும் கார்பன் மோனாக்சைடும் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அதிலிருந்து தெரியும். பயிற்சியாளர் நடுவில் ஒரு மின்விசிறியை நிறுத்திவிடலாம். குழு திட்டத்தை மாற்றியே ஆகவேண்டும். தவறினால் சாவு திரையோடு போகும்.

வெப்பம்? கீழே இறங்கும் காற்று அழுத்தப்பட்டு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடாகும். பாறையின் சூடு தனி. வெப்ப அளவைத் திரை காட்டும். சுவாசக் கருவியைச் சுமந்து வியர்ப்பதை அது தராது. ஆகவே நிஜப் பயிற்சியே இனி வேண்டாம் என்பவர்களை நம்பாதீர்கள்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. ஆனால் இத்தகைய மெய்நிகர் சுரங்கப் பயிற்சிக்கூடம் ஒன்று இன்று தன்பாத் ஐ.ஐ.டி.யில் இருக்கிறது.