95%னு சொன்னா, எத்தனை பேர்ல?

பிளேஸ்மென்ட் சீசன்ல "95% பிளேஸ்டு"னு ஒரு போஸ்டர் பார்த்தா முதல்ல என்ன கேப்பீங்க? எத்தனை பேர்ல 95? அரியர் வச்சிருக்கறவங்களை எலிஜிபிள் லிஸ்ட்லயே சேர்க்கலன்னா சதவீதம் தானா ஏறிடும். இதே கேள்வியை எச்ஐவி சிகிச்சையிலயும் கேக்கணும். அங்க லிஸ்ட்ல விடுபடுறது மாத்திரை கிடைக்காத ஒரு ஆள்.

யுஎன்எய்ட்ஸ் அமைப்பின் இலக்கு 95-95-95. எச்ஐவி உள்ளவர்களில் 95% பேருக்கு அது இருப்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்களில் 95% பேர் சிகிச்சையில் இருக்க வேண்டும். அவர்களில் 95% பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருக்க வேண்டும். மூணையும் பெருக்கிப் பாருங்க, 86%கிட்டதான் வரும். இலக்கை சரியா தொட்டாலும் 100ல 14 பேர் வெளியில நிக்கிறாங்க.

இப்ப ஒரு கிளினிக்கை கற்பனை பண்ணிக்கோங்க. 100 பேர் சிகிச்சையில இருக்காங்க, 60 பேருக்குத்தான் வைரஸ் அளவு டெஸ்ட் எடுத்தாங்க, 57 பேருக்கு அடங்கியிருக்கு. 57/60 போட்டா 95%, சூப்பர். 57/100 போட்டா? மீதி 40 பேர் நிலைமை யாருக்கும் தெரியாது. பாதியில வர்றதை நிறுத்தினவங்க பேரை ரிஜிஸ்டர்ல அடிச்சிட்டா இன்னும் நல்ல நம்பர் வரும்!

அதனாலதான் கிளினிக் ரிஜிஸ்டரை மட்டும் நம்பாம வீடு வீடா போய் அளக்கறாங்க. போட்ஸ்வானா 2002லயே இலவச சிகிச்சை ஆரம்பிச்ச நாடு. 2021ல் அங்கே நடந்த வீட்டுக் கணக்கெடுப்பில் ரத்தப் பரிசோதனையே செய்தார்கள்; முடிவு 95-98-98. இந்த மாதிரி சர்வேல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. "எனக்கு எச்ஐவி இருக்கறது தெரியாது"ன்னு ஒருத்தர் வெக்கப்பட்டு சொன்னாலும், ரத்தத்துல மருந்து இருக்கான்னு பார்த்து கணக்கைத் திருத்திடுவாங்க.

அளந்தா மட்டும் போதுமா? நியூயார்க்கில் உருவான ஹெச்ஐவிகுவால் முறையை 2003ல் தாய்லாந்து தன் மருத்துவமனைகளில் கொண்டுவந்தது. நோயாளிகளோட ஃபைலை எடுத்து, டிபி பரிசோதனை நடந்ததா மாதிரி சில கேள்விகளை மட்டும் பார்க்கணும். எங்க ஓட்டைன்னு கண்டுபிடிச்சு சின்னதா ஒரு மாற்றம் செஞ்சு, திரும்ப அளக்கணும். நாம கோடை டீபக் பண்றோமே, கிட்டத்தட்ட அதேதான்.

மாற்றம் பெரிய மெஷினா இருக்கணும்னு இல்ல. நல்லா இருக்கற நோயாளிக்கு மாசாமாசம் மாத்திரை தராம, மூணு இல்ல ஆறு மாசத்துக்கு மொத்தமா கொடுக்கறாங்க பல ஆப்பிரிக்க நாடுகள்ல. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம். அப்புறம் ஏன் வராம போகப் போறாங்க?